குடேயும் குடையும்: சின்னப் பிள்ளைகளின் இரண்டாம் மொழிக்கு எதைத் தெரிவு செய்வது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், வைத்தியத் துறையில் பணியாற்றும் பழைய மாணவியர் சார்பில் ஹந்தானையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டை முன்னிட்டு ஆரம்பப் பிரிவுக்கு ஓர் இரண்டாம் மொழி நூலகத் தட்டை அன்பளிப்புச் செய்வதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. தரம் 1 முதல் 5 வரையுள்ள எமது பிள்ளைகள் சிங்களம் கற்பதற்கான புத்தகங்களும் பொருட்களும் அதில் இருக்கும். தட்டைச் செய்ய ஆள் இருக்கிறது, பணமும் சேர்ந்துவிட்டது. அதில் எதை வைப்பது என்பதுதான் மிச்சம். அதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கம் எங்களைக் கேட்டுக்கொண்டது.

வைத்தியர்களுக்கும் சிறுவர் மொழிப் புத்தகத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். எங்களைப் பொறுத்தவரை தொடர்பு மிக நெருக்கமானது. பேராதனையில் மருத்துவப் பாடங்களை ஆங்கிலத்தில் படித்தோம். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிக்கு எங்கே நோகிறது என்று கேட்க ஆங்கிலம் உதவவில்லை. நோயாளி சிங்களத்தில் சொல்வார், அல்லது தமிழில் சொல்வார். இந்த ஊரில் வைத்தியம் பார்ப்பவருக்கு இரண்டு காதும் வேண்டும். 2012ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் நால்வரில் ஏறக்குறைய மூவர் சிங்களவர். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழரும் முஸ்லிம்களும். ஆகவே எமது பிள்ளை நாளைக்கு என்ன தொழில் செய்தாலும், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர், பஸ் நடத்துநர், வாடிக்கையாளர், நோயாளி எல்லோரும் இரண்டு மொழிகளிலும் இருப்பார்கள்.

சட்டம் இந்த இடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் எடுத்தது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்றது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு யூலை முதலாந் திகதிக்குப் பின் சேரும் அரச உத்தியோகத்தர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. இருபத்தைந்து வயதில் பரீட்சைக்காக, அவசர அவசரமாக ஒரு மொழியைப் படிப்பவர்களை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். சுற்றறிக்கைக்குப் பயந்து கற்ற மொழி சம்பள உயர்வு கிடைத்ததும் மறந்துவிடும். ஏழு வயதில் விளையாட்டோடு வந்த மொழி மறக்காது.

நாங்கள் பணியாற்றிய ஒரு வைத்தியசாலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். தோட்டமொன்றிலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். துணைக்கு வந்தவள் தரம் 4 படிக்கும் பேத்தி. வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்குச் சிங்களம் சில சொற்கள்தான். பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். எமது நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் சம்பளமில்லாமல் பார்க்கும் உத்தியோகம் இது. பாட்டி, “தலை சுத்துதும்மா, எழும்பி நிக்க ஏலாது” என்றார். பிள்ளை சற்று யோசித்துவிட்டு, “ஒளுவ ரிதெனவா” என்றாள். தலை நோகிறது என்று அதற்குப் பொருள். வைத்தியர் தலைநோவுக்கான கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். எத்தனை நாளாக, எந்தப் பக்கம், கண் மங்குகிறதா, வாந்தி வருகிறதா என்று. பாட்டி ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். இன்னும் ஒரு முறை பாட்டி சொல்ல, பிள்ளைக்கு வேறு சொல் அகப்படவில்லை. விரலை உயர்த்திக் காற்றில் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். “ஆ, கெரகெனவாத?” என்றார் வைத்தியர். சுற்றுகிறதா என்று அர்த்தம். உடனே கேள்விகள் மாறின. என்ன மாத்திரை எடுக்கிறார், காலையில் சாப்பிட்டாரா, எழும்பும்போது மட்டுமா என்று கேட்டு, பிரஷருக்கு எடுத்த மாத்திரையில் வந்து நின்றது விஷயம்.

அந்தப் பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. கெட்டிக்காரி. தலை, கை, கால், வயிறு, கண், காது என்று உடல் உறுப்புகள் அனைத்தின் சிங்களப் பெயரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தாளில் அவை இருக்கும். “ரிதெனவா” என்ற ஒரு வினைச்சொல்லும் அவளிடம் இருந்தது. நோய் என்றால் அதுதான் என்று வைத்திருந்தாள். அவளிடம் இல்லாதது “கெரகெனவா” என்ற சொல். அதை அவள் எங்கே கற்றிருக்கலாம்? பம்பரம் விட்ட இடத்தில் கற்றிருக்கலாம். சிங்களத்தில் பம்பரத்துக்கு “பம்பரே” என்றுதான் பெயர். “பம்பரே கெரகெனவா” என்று ஒரு மாலைப்பொழுது கத்தி விளையாடிய பிள்ளைக்கு, பாட்டியின் தலை சுற்றும்போது அந்தச் சொல் தானாக வந்திருக்கும்.

ஆகவே தட்டில் வைக்க வேண்டிய ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இதை வைத்துக்கொண்டு எமது பிள்ளை யாரோடு, என்ன கதைப்பாள்? அந்தக் கேள்விக்கு விடை இருக்கும் பொருளை வாங்குவோம். விடை இல்லையென்றால், அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கடையிலேயே விட்டுவிட்டு வருவோம்.

முதலில் விளையாட்டைப் பார்ப்போம். அமெரிக்கப் பாடசாலைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் “லோத்தேரியா” என்ற மெக்சிக்கோ விளையாட்டை வகுப்புக்குக் கொண்டுவருகிறார்கள். 54 படச்சீட்டுகள். ஒவ்வொருவர் முன்னும் பதினாறு படங்கள் கொண்ட ஒரு பலகை. ஒருவர் சீட்டை எடுத்துச் சேவல், நிலா, வத்தகப்பழம், இதயம் என்று கூவ, அந்தப் படம் உள்ளவர்கள் அதன்மேல் ஒரு பயற்றம் விதையை வைப்பார்கள். மெக்சிக்கோவில் பாட்டியும் பேரனும் ஒன்றாக இருந்து விளையாடும் விளையாட்டு இது. பாடத்துக்காக யாரோ செய்த பயிற்சி அல்ல. அதனால் அதைக் கற்ற பிள்ளை, ஸ்பானிய மொழி பேசும் வீட்டுக்குப் போனால் அந்த வீட்டோடு உட்கார்ந்து விளையாட முடியும்.

எமக்கும் அப்படியான விளையாட்டு இருக்கிறது. நாம் பல்லாங்குழி என்று ஆடுவதைப் போன்றதொன்றைச் சிங்கள வீடுகளில் “ஒலிந்த கெலிய” என்று சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடுவார்கள். ஒலிந்த என்றால் குன்றிமணி. ஒரு பலகையும் ஒரு கைப்பிடி விதையும் இருந்தால் எண்ணிக்கை, “மகே வாரே” என்ற என் முறை, “தென் ஒயா” என்ற இனி நீ, கூட, குறைய, முடிந்தது, வென்றேன் எல்லாம் அரைமணி நேரத்தில் வாயில் வந்துவிடும். வைத்தியர் என்ற முறையில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குன்றிமணியை மென்று விழுங்கினால் கடும் நஞ்சு. ஆரம்பப் பிரிவுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. புளியங்கொட்டை போதும், ஆட்டம் அதேதான்.

லோத்தேரியாவைப் போலக் கண்டிக்கென்று ஒரு படச்சீட்டுக் கட்டை நாமே செய்யலாம் என்பதும் எங்கள் யோசனை. சித்திரம் வரையும் பழைய மாணவியர் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள்! வாவி, தேங்காய் துருவும் பலகை, தனியார் பஸ், முச்சக்கரவண்டி, கொழுந்துக் கூடை, மழைக்கோட்டு, பலாப்பழம், குரங்கு, பம்பரம், குடை. ஹந்தானைப் பக்கத்துப் பிள்ளை தினமும் கண்ணால் காண்பவையாக அவை இருக்கட்டும். கடையில் வாங்கும் சில படத்தாள்களில் அப்பிள், பனிமனிதன், இக்லூ என்று பார்த்திருப்பீர்கள். பனிமனிதனுக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று எமது பிள்ளைக்குத் தெரிந்து, அவள் அதை யாரிடம் சொல்லப் போகிறாள்?

அடுத்தது கதை. சிபில் வெத்தசிங்க அம்மையாரை நம்மில் பலருக்குத் தெரியும். 1927இல் பிறந்து 2020இல் மறைந்த அவர், எழுதியதும் வரைந்ததும் தாமே. அவருடைய “குட ஹொரா” 1956இல் வெளிவந்த புத்தகம். குடையே கண்டிராத ஒரு கிராமத்திலிருந்து கிரி மாமா பட்டணம் போகிறார், ஒரு குடை வாங்கி வருகிறார். ஊருக்கு வந்ததும் குடை காணாமல் போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடி போகிறது. கள்ளன் யார் என்று கடைசியில் தெரியும்போது வகுப்பே சிரிக்கும். தெரியாதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறோம்.

இந்தப் புத்தகத்தைக் கேள்வியோடு எடுத்துப் பார்ப்போம். “குட” என்றால் குடை. “கடே” என்றால் கடை. “மாமா” என்றால் மாமாவேதான். சிங்களம் படிக்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளை முதற்பக்கத்திலேயே தனக்குத் தெரிந்தவர்களைச் சந்திக்கிறாள். இந்த மொழி எனக்கு அந்நியம் என்ற பயம் அங்கேயே அரைவாசி போய்விடும். இன்னொன்று, இந்தக் கதை தெரியாத சிங்களப் பிள்ளையைக் காண்பது அரிது. தமிழ் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்ட ஒரு பயிற்சிப் புத்தகத்தைப் பற்றி எமது பிள்ளை பக்கத்து வீட்டுச் சிநேகிதியோடு கதைக்க முடியாது. கிரி மாமாவைப் பற்றிக் கதைக்கலாம். அந்த வீட்டு அம்மாவும் ஆச்சியும்கூட வந்து சேர்ந்துகொள்வார்கள்.

அதேபோல் மகாதன முத்தாவின் கதைகள். எல்லாம் தெரிந்தவர் என்று தம்மை நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரும் அவருடைய ஐந்து சீடர்களும். ஆட்டின் தலை பானைக்குள் சிக்கிக்கொள்ள, இவரை அழைக்கிறார்கள். யானைமேல் வந்தவர், யானை நுழைய மதிலை உடைக்கச் சொல்கிறார். பிறகு ஆட்டின் தலையை வெட்டச் சொல்கிறார். அதன்பின் தலையை எடுப்பதற்குப் பானையை உடைக்கச் சொல்கிறார். இதைக் கேட்டதும் உங்களில் பலருக்கு வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் நினைவு வந்திருக்கும். அவருக்கும் சீடர் ஐவர்தான். கண்டி அரசவையின் விகடகவியாகக் கதைகளில் வரும் அந்தரேயைக் கேட்டால் தெனாலிராமனின் நினைவு வரும். அரசர் பாயில் உலரவிட்டிருந்த சீனியை மணல் என்று சொல்லி ஏமாற்றப் பார்க்க, “அம்மா செத்துப்போனாள்” என்று ஓடிவந்த மகனோடு சேர்ந்து, இனி எமக்கு மண்தானே கதி என்று அழுதழுது வாய்நிறைய அள்ளித் தின்றவர் அவர்.

இந்த இணைக் கதைகளைக் கற்பிப்பில் நன்றாகப் பயன்படுத்தலாம். பரமார்த்த குருவைத் தமிழில் திங்கட்கிழமை சொல்லுங்கள். மகாதன முத்தாவைச் சிங்களத்தில் புதன்கிழமை சொல்லுங்கள். கதை எந்தப் பக்கம் போகும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே ஓர் ஊகம் இருக்கும். தெரியாத சொற்களை அந்த ஊகமே விளக்கிக் கொடுக்கும். இரு மொழியிலும் ஒரே புத்தகம் கிடைக்குமானால் இரண்டையும் வாங்குவோம். தமிழ்ப் புத்தகம் வீட்டுக்குப் போகட்டும், சிங்களப் புத்தகம் வகுப்பில் இருக்கட்டும்.

புத்தகம் வாங்கும்போது ஆசிரியர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தமிழைப் போலவே சிங்களத்திலும் எழுதும் மொழி வேறு, பேசும் மொழி வேறு. “மம பாசலட்ட யமி” என்று எழுதுவார்கள். “மம இஸ்கோலெட்ட யனவா” என்றுதான் பேசுவார்கள். முதலாவதை மட்டும் கற்ற பிள்ளை கடைக்குப் போய் அதைச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார். ஒருமுறை சிரித்தால் போதும், அந்தப் பிள்ளை அதன்பிறகு வாயைத் திறக்கவே மாட்டாள். அதனால் சின்ன வகுப்புகளுக்கு உரையாடல் நிறைந்த கதைகளையும், பேச்சுநடையில் உள்ள சிறுநாடகங்களையும் தேடுவோம். எழுத்துநடை பின்னால் வரட்டும். எமது கல்லூரியில் தோட்டங்களிலிருந்தும் கடைத்தெருக்களிலிருந்தும் வரும் பிள்ளைகள் சிலருக்குப் பேச்சுச் சிங்களம் ஏற்கனவே நன்றாகத் தெரியும். பரீட்சையில் எழுத்துப்பிழை விடுவதால் அவர்கள் பின்வாங்கில் இருப்பார்கள். அவர்களை முன்னால் அழைத்துக் கதையை நடிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் சிங்களம் கதைக்க அவர்களைவிட நல்ல துணை கிடைக்காது.

உறவுமுறைச் சொற்கள் இன்னொரு செல்வம். அம்மா, அக்கா, மாமா, ஆச்சி எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. ஆனால் “அய்யா” என்றால் சிங்களத்தில் அண்ணன். “தாத்தா” என்றால் அப்பா. எங்கள் கிளினிக்கில் இது விளையாட்டுச் செய்தி அல்ல. ஒருவருடைய தாத்தாவுக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு வந்ததா என்று கேட்கும்போது, அது தகப்பனா பாட்டனா என்பதில்தான் அந்த நோயாளியின் ஆபத்தைக் கணக்கிடுகிறோம். “கண” என்றால் காது. கண் நோகிறது என்று தமிழில் சொல்பவரின் கண்ணை விட்டுக் காதைப் பார்ப்பதற்கு அந்த ஓர் ஒலி போதும். இப்படி ஒன்றுபோல ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களைப் பிள்ளைகளே தேடிச் சேர்க்கும் ஒரு கொப்பி வகுப்பில் இருக்கட்டும். பருப்புக்குப் “பரிப்பு”, கடலைக்குக் “கடல”, உளுந்துக்கு “உளுந்து” என்று ஒத்துப்போகும் சொற்களுக்கு மறுபக்கம். வீட்டுச் சமையலறையிலிருந்தே அந்தக் கொப்பி நிறைந்துவிடும். எமது முஸ்லிம் பிள்ளைகள் தங்கள் வீட்டு உம்மா, வாப்பாவையும் அதில் எழுதட்டும்.

பண்பாடு என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் மொழிப் புத்தகம் என்றால் பெரஹெரா யானை, வெசாக் கூடு, பாற்சோறு, பொங்கற்பானை என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. அவை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு சமூகத்தைப் பண்டிகை உடுப்பில் மட்டும் பார்த்த பிள்ளை, அந்தச் சமூகத்தின் திங்கட்கிழமையை அறியமாட்டாள். மகள் பாடசாலைக்கு நேரமாகிவிட்டது என்று சத்தம்போடும் அம்மா, மழையில் நனைந்து வீடு வரும் அப்பா, பஸ்ஸில் இடம் கொடுக்கும் அக்கா என்று அன்றாடம் வரும் கதைகள் தட்டில் பாதியாவது இருக்க வேண்டும்.

பண்டிகையைச் சொல்வதானாலும் படத்துக்கு அப்பால் போவோம். எசல பெரஹெராவில் தலதா மாளிகையின் பெரஹெராவுக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் பெரஹெராக்கள் வருகின்றன. அந்தப் பத்தினி யார்? கிழக்கில் வைகாசியில் நாம் குளிர்த்தி பாடும் கண்ணகி அம்மன்தான். இதை அறிந்த பத்து வயதுப் பிள்ளை வீதியோரத்தில் பாய்விரித்து இருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் சிங்கள ஆச்சியிடம் கேட்க அவளிடம் ஒரு கேள்வி இருக்கும். அந்த ஆச்சியிடம் சொல்ல ஒரு கதையும் இருக்கும். எங்கள் கேள்வியை மறக்கவேண்டாம். இதை வைத்துக்கொண்டு யாரோடு, என்ன கதைப்பாள்?

இங்கேயே ஹந்தானையில் ஒரு வகுப்பறை இருக்கிறது. 1925இல் கட்டப்பட்ட பழைய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலைதான் இன்றைய தேயிலை அருங்காட்சியகம். அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது படிவம் நிரப்பும் வேலையைக் கொடுக்காமல், கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைச் சிங்களத்தில் கற்றுக்கொடுத்து அனுப்புவோம். இது என்ன, இதை எப்படி வேலை செய்ய வைப்பார்கள், நீங்கள் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள். கொழுந்துக்குச் சிங்களத்தில் “தலு” என்பதை அங்கே அவள் கேட்டறிவாள். கங்காணிக்கு அவர்களும் “கங்காணி” என்றே சொல்கிறார்கள் என்பதையும் அறிவாள். திரும்பி வந்து சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் சிலவற்றை ஆசிரியர் தமிழில் பாடிக்காட்டினால், தன் கொள்ளுப்பாட்டியின் வேலைக்கு இரண்டு மொழியிலும் சொல் இருக்கிறது என்பது அவளுக்கு விளங்கும்.

மிகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே ஒன்றைக் காட்டினார். எழும்பு, நட, கதவைத் திற, சிவப்புப் பென்சிலை எடு என்று கேட்டு உடம்பால் செய்துகொண்டு வருபவர்களுக்கு மொழி நிலைக்கிறது, பேச்சு தன் நேரத்துக்கு வருகிறது. எமது அம்மாமார் எமக்குத் தமிழைக் கற்பித்ததும் அப்படித்தானே? ஆகவே தட்டுக்கு அருகில் ஒரு பாயும் கொஞ்சம் வெறும் இடமும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த கற்பித்தல் பொருள் மனிதர்தான். நியூசிலாந்தில் மாஓரி மொழி பேசுவோர் குறைந்துகொண்டு போனபோது, 1982இல் “கொஹங்கா ரெஓ” என்ற மொழிக்கூடுகளைத் தொடங்கினார்கள். மொழி தெரிந்த பாட்டன் பாட்டிமாரைச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். பாடினார்கள், சமைத்தார்கள், கதை சொன்னார்கள். எமது கல்லூரி மதிலுக்கு அப்பால் எத்தனை சிங்கள ஆச்சிமார் இருக்கிறார்கள்! மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து ஒரு கதை சொல்லட்டும். எமது பாட்டி ஒருவர் அருகிலுள்ள சிங்களப் பாடசாலைக்குப் போய், நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலைப் பாடி, கொழுக்கட்டை எப்படி அவிப்பது என்று காட்டட்டும். அந்தப் பிள்ளைகளும் எமது மொழியை விரும்பிக் கற்றால்தான் இந்த வேலை முழுமையாகும். பாட்டிக்கு மொழிபெயர்க்க ஒரு சிறுமியை நம்பியிருக்கும் நிலை, இரு பக்கமும் சேர்ந்து கற்றால்தான் நீங்கும்.

பெற்றோர் சிலர் கேட்பார்கள், புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே, ஆங்கிலம் இருந்தால் போதாதா என்று. ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு விபத்துப் பிரிவில் ஒரு தகப்பன் தன் மகனுக்கு என்ன நடந்தது என்று சொல்லும்போது, பொலிஸ் நிலையத்தில் ஒரு தாய் முறைப்பாடு எழுதக் கேட்கும்போது, ஆங்கிலம் அங்கே வந்து நிற்பதில்லை. நேரத்தைப் பற்றிச் சொன்னால், விளையாட்டுக்கும் கதைக்கும் பாட்டுக்கும் பிள்ளை எப்படியும் நேரம் எடுப்பாள். அந்த நேரத்தில் பாதியைச் சிங்களத்துக்குக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

வெளிநாடுகளிலிருந்து இந்த மலரைப் படிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒன்று. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொருட்களைத் தெரிவு செய்யும் சிரமத்தை நீங்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். சனிக்கிழமை வகுப்பில் உயிரெழுத்து எழுதிக்கொண்டே இருக்கும் பிள்ளை அம்மம்மாவோடு தொலைபேசியில் இரண்டு வசனம் கதைக்கமாட்டேன் என்கிறாள் என்று கவலைப்படுகிறீர்கள். அதே கேள்வியை அங்கேயும் கேட்டுப் பாருங்கள். அம்மம்மாவுக்குத் தெரிந்த விளையாட்டு எது, அம்மம்மா சிரிக்கும் கதை எது என்று தேடி, அதை முதலில் கற்பியுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கதைக்க ஆள் கிடைத்துவிடும்.

நிறைவாகச் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, தட்டுக்கான புத்தகங்களை மொத்தமாக ஒரே கடையில் வாங்காமல், ஆரம்பப் பிரிவு ஆசிரியர் இருவரும் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெற்றோர் ஒருவரும் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிவு செய்யட்டும். இரண்டு, கண்டிப் படச்சீட்டுக் கட்டைத் தயாரிக்க ஒரு சிறு குழுவை இன்றே அமைப்போம். மூன்று, உலகெங்கும் உள்ள பழைய மாணவியர், தாங்கள் சிறுவயதில் இரு மொழியிலும் கேட்ட கதைகளையும் விளையாட்டுகளையும் எழுதியோ குரலில் பதிவுசெய்தோ கல்லூரிக்கு அனுப்பிவைப்போம். பம்பரக் கயிறு ஒன்றையும் சில பம்பரங்களையும் தட்டில் வைக்கும் செலவை வைத்தியத் துறையில் உள்ள நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.